குண்டாவுக்குப் போன சேலை

வாங்க அம்மணி, உள்ளே வாங்க. செருப்பைக் கழற்ற வேண்டாம், வீடு இன்னும் கழுவவில்லை. ஒன்று மட்டும், கொஞ்சம் மெதுவாகப் பேசுங்க. ஏன் என்று அப்புறம் சொல்கிறேன். அந்த உள் அறையைக் கடைசியில் பார்க்கலாம்.

குறையை எல்லாம் நானே முதலில் சொல்லிவிடுகிறேன். நாளைக்கு, சாவி வைத்திருந்த கீழ் வீட்டுப் பூங்கொடி மறைத்துவிட்டாள் என்று ஒரு பேச்சு வரக்கூடாது. சாயங்காலம் வெயில் நேராக இந்தக் கூடத்தில்தான் விழும். தண்ணீர் ஒரு நாள் விட்டு ஒரு நாள், அதுவும் மாடிக்கு மூக்கொழுகுகிற மாதிரிதான் ஏறும். சமையலறை ஜன்னல் மூடாது. பல்லி உண்டு. கைக்குழந்தை வேறு வைத்திருக்கிறீங்க, படி செங்குத்து. பார்த்தீங்கதானே, ஏறும்போதே மூச்சு வாங்கியதே? உங்களுக்கு முன்னால் மூன்று பேர் வந்து பார்த்தார்கள். ஒருவரும் திரும்பி வரவில்லை.

தோளில் ஒரு பை மாட்டியிருக்கிறீங்களே, அது கடையில் வாங்கியதா?

நீங்களே தைத்ததா? கையாலேயா?

ம். நன்றாகத்தான் இருக்கிறது.

என்ன, சுவரையே பார்க்கிறீங்க? பூவா? அது பூ இல்லை அம்மணி, வெண்டைக்காய். சத்தியமாக. முற்றின வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டி, சாயத்தில் தோய்த்து, சுவரில் அச்சு அச்சாக ஒற்றியிருக்கிறாள். காயும் என் காய்தான். நான் ஒட்டன்சத்திரம் சந்தையில் பதினாலு வயசிலிருந்து நிற்கிறவள். லாரிக்கு அடியில் உருண்ட வெங்காயத்தைப் பொறுக்கி, கூறு கட்டி விற்று ஆரம்பித்தேன். இன்றைக்கு ஏலத்தில் நான் கை தூக்கினால் நாலு ஆம்பளைகள் கையை இறக்குவார்கள். பேர்தான் பூங்கொடி. சந்தையில் கேளுங்க, முள்ளுக்கொடி என்பார்கள். அத்தனை வருஷம் எத்தனை மூட்டை வெண்டைக்காய் இந்தக் கையில் ஒடித்துப் பார்த்திருப்பேன்? அதற்குள் ஒரு பூ இருக்கிறது என்று எனக்குத் தோன்றவில்லை. இவளுக்குத் தோன்றியது.

இவள் என்றால் சுகிர்தா. இங்கே முன்பு குடியிருந்தவள். போன வருஷத்துக்கு முந்தின தையில், வயிற்றில் ஆறு மாசத்தோடு இந்தப் படி ஏறினாள். புருஷன் விதைக் கம்பெனியில் வேலை, வாரத்தில் நாலு நாள் வெளியூர். இவள் வீட்டில். வீட்டில் இருக்கிறவள் சும்மா இருக்கக்கூடாதா? நான் விடியும் முன்னே சந்தைக்குப் போய் மூன்று மணிக்கு வந்து, வியர்வையோடு அடுப்பில் நிற்பேன். இவள் மாடியில் உட்கார்ந்து பழைய பனியனைக் கிழித்துப் பின்னி மிதியடி செய்வாள். தேங்காய்த் தொட்டியில் செடி வைப்பாள். "அக்கா, அந்த உடஞ்ச தக்காளிப் பெட்டி வேணுமாங்க்கா?" என்று கேட்டாள். "எடுத்துக்க, எரிக்கத்தான் கெடக்குது" என்று ஆறு பெட்டி கொடுத்தேன். ஒரு வாரம் கழித்து மேலே வந்து பார்த்தால், அதோ நிற்கிறதே அலமாரி, அதுதான். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, நீல வண்ணம் அடித்து, குழந்தை துணி ஒரு தட்டு, மருந்து ஒரு தட்டு என்று அடுக்கி வைத்திருக்கிறாள்.

அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை. சும்மா கொடுத்துவிட்டேனே! இப்படி ஆகும் என்று தெரிந்திருந்தால் கொடுத்திருப்பேனா? தொடாதீங்க அம்மணி. அது என் பெட்டி.

என் வீட்டுக்காரர் தண்டபாணி, லோடு ஆட்டோ ஓட்டுகிறார், நல்ல மனுஷன், வாய்தான் ஆகாது. "ஏ புள்ள, மேல் வீட்ட பாத்தியா? அதே பெட்டிதான் நம்ம வீட்லயும் கெடந்துச்சு" என்றார். "அப்ப அவளையே கட்டியிருக்க வேண்டியதுதான" என்றேன். "அது அப்பப் பள்ளிக்கூடம் போயிட்டிருந்திருக்கும்" என்று சிரித்தார். கரண்டி பறந்தது. விலகிக்கொண்டார், அது வேறு விஷயம்.

இதெல்லாம் போகட்டும். பெட்டி போகட்டும், வெண்டைக்காய் போகட்டும். என் மகளை எடுத்துக்கொண்டாளே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

என் மகள் நிவிதா. நாலு வயசு முடியப் போகிறது. பள்ளிக்கூட வேன் பன்னிரண்டரைக்குக் கொண்டுவந்து இறக்கும். அந்த நேரத்தில் அவள் அப்பா விடிகாலை லோடு அடித்த அலுப்பில் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருப்பார். "நான் எறக்கிக்கறேங்க்கா, எப்படியும் வாசல்லதான் நிக்கறேன்" என்றாள் சுகிர்தா. நானும் சரி என்றேன். மூன்று மணி வரைக்கும் அங்கே. பிறகு நாலு மணி வரைக்கும். பிறகு நான் கீழே நின்று தொண்டை வறளக் கூப்பிட்டால்தான் இறங்குவாள். வந்ததும் என்ன பேச்சு தெரியுமா? "சுகி அத்தை வாழைப்பட்டையில படகு செஞ்சாங்க. சுகி அத்தை என் கவுனுக்குப் பாக்கெட் வெச்சாங்க." அத்தையாம்! எனக்கு நாத்தனாரே கிடையாது. இவள் எங்கிருந்து வந்த அத்தை?

நான் மட்டும் என் பிள்ளைக்குச் செய்யவில்லையா? பாலுக்குக் குறை வைத்தேனா, பழத்துக்குக் குறை வைத்தேனா? வீட்டுக்கு ஒவ்வொரு சாமானும் வாதாடி வாதாடிச் சேர்த்தவள் நான். ஒரு சங்கதி சொல்கிறேன், நீங்களே நியாயம் சொல்லுங்க.

போன தீபாவளிக்கு முன்னால் ஒரு நாள், சந்தை லீவு. பழைய துணிக்குப் பாத்திரம் கொடுக்கிறவன் மொபெட்டில் வந்தான். தெருவே கூடிவிட்டது. ஆளாளுக்கு ஒரு மூட்டைத் துணி கொடுத்து டம்ளர், கிண்ணம் என்று வாங்கிக்கொண்டு பல்லைக் காட்டுகிறார்கள். நான் மூட்டையை இறக்கினேன்.

"இதுக்குச் சின்னதா ஒரு போசி வரும்ங்க்கா" என்றான்.

"போசிய உன் பொண்டாட்டிக்குக் குடு. எனக்கு அந்தக் குண்டா. மூடியோட."

"கட்டாதுங்க்கா! அது கல்யாண வீட்டுக் குண்டா."

"அப்ப கல்யாண வீட்டுக்குப் போ. எதுக்கு எங்க தெருவுக்கு வந்த?"

அரை மணி நேரம். அவன் மொபெட்டை உதைப்பான், நான் உள்ளே திரும்புவேன். அவன் நிறுத்துவான், நான் நிற்பேன். கடைசியில் இறங்கி வந்தான். "சரிக்கா, நூல் சேலையா ஒண்ணே ஒண்ணு சேத்துப் போடுங்க. தொடைக்கற துணிக்கு நூல்தான் ஓடுது. குண்டாவ எடுத்துக்கங்க."

உள்ளே ஓடினேன். பீரோவில் எல்லாம் வழுவழு சேலை. கட்டிலைப் பார்த்தால், நிவிதா தலையணை மேல் அந்தப் பச்சைச் சுங்குடி கிடக்கிறது. அவளுக்குத் தொட்டில் கட்டிய சேலை. நான் எட்டு மாசமாக இருக்கும்போது சின்னாளப்பட்டியில் வாங்கியது. என் வாழ்நாளில் பேரம் பேசாமல் வாங்கிய ஒரே சாமான் அதுதான். அன்றைக்கு என்னமோ நாக்கு எழவில்லை, சொன்ன விலையைக் கொடுத்துவிட்டு வந்தேன். இரண்டரை வயசு வரை அதில் ஆடினாள். தொட்டிலை அவிழ்த்த பிறகு அதன் முந்தியைப் பிடித்து மூக்கில் தேய்த்துக்கொண்டுதான் தூங்குவாள். பச்சை, பச்சை என்று அதற்குப் பேர்கூட வைத்திருந்தாள். நைந்து போன கந்தல் அம்மணி. ஓரமெல்லாம் எச்சில் கறை. பிள்ளை பள்ளிக்கூடத்தில் இருந்தாள். தராசு ஆடும்போது கடைசியாக ஒரு தக்காளியைத் தூக்கிப் போடுவோமே, அப்படி அந்தச் சேலையைத் தூக்கிப் போட்டேன். குண்டா என் கைக்கு வந்தது. மூடியோடு!

தெருவே வாயைப் பிளந்தது. மேலே மாடிப்படியில் சுகிர்தா தன் மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். ஒரு வார்த்தை மெச்சவில்லை. வயிற்றெரிச்சல் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தக் குண்டாவில் என்ன சமைத்தேனா? இன்னும் இல்லை. பரண் மேல் இருக்கிறது. மூன்று பேருக்கு எதற்கு அவ்வளவு பெரிய குண்டா? ஒரு நாள் உதவும்.

சாயங்காலம் நிவிதா கேட்டாள். "அம்மா, என் பச்சை எங்க?"

"காக்கா தூக்கிட்டுப் போயிருச்சு கண்ணு."

"எந்தக் காக்கா?"

"முருங்க மரத்துக் காக்கா."

என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். அழுவாள், ராத்திரி முழுக்க ஊரைக் கூட்டுவாள் என்று பயந்திருந்தேன். "செரி" என்று மட்டும் சொல்லிவிட்டு, அவள் அப்பா பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா? என் மகள் எவ்வளவு விவரம், எவ்வளவு சீக்கிரம் வளர்ந்துவிட்டாள் என்று சந்தையில் நாலு பேரிடம் சொன்னேன்.

அதற்குப் பிறகு என் பக்கம் படுக்கவே இல்லை. அதையும் வளர்ந்துவிட்டாள் என்றுதான் நினைத்தேன்.

குழந்தை சிணுங்குகிறதே, பசியா? உட்கார்ந்து கொடுங்க. சுவரோரம் உட்காருங்க, அங்கே காற்று வரும். ஆமாம், காற்று நன்றாகத்தான் வரும். அதைச் சொல்ல மறந்துவிட்டேன்.

கார்த்திகையில் ஒரு நாள் பேய் மழை. வண்டி வரவில்லை, ஏலம் நடக்கவில்லை. ஒரு மணிக்கே வீட்டுக்கு வந்துவிட்டேன். பிள்ளையைக் கூப்பிடாமல் நானே மேலே ஏறினேன். மழைச் சத்தத்தில் நான் வந்தது தெரியவில்லை. அந்த உள் அறையில்தான். தரையில் ஒரு விரிப்பு, ஒட்டுத் துணிகளைச் சேர்த்துச் சேர்த்துத் தைத்தது. ஒரு பக்கம் அவள் மகன் பிரணவ், ஒரு பக்கம் என் மகள், தூக்கம். சுகிர்தா சுவரோரம் உட்கார்ந்து ஓரம் தைத்துக்கொண்டிருந்தாள். விரிப்பின் நடுவில், ஒரு முழம் அகலத்துக்கு, பச்சை. அரக்குக் கரை. வெள்ளைப் புள்ளி. என் மகள் கை அந்தக் கரையைப் பிடித்திருந்தது, மூக்கோடு சேர்த்து.

சந்தையில் மூட்டை மாறினால்கூட எனக்கு அப்படி ரத்தம் ஏறியதில்லை.

"ஏய், அது என் சேலை! எங்கடி திருடுன?"

"மெதுவாங்க்கா, புள்ளைக எந்திரிச்சிரும்" என்றாள். என் வீட்டுப் பிள்ளை எழுந்துவிடும் என்று எனக்குச் சொல்கிறாள்!

பிறகுதான் சொன்னாள். அன்றைக்கு வேன் வந்தபோது பாத்திரக்காரன் தெருமுனையில் மூட்டை கட்டிக்கொண்டிருந்தானாம். இறங்கின நிவிதா, மேலே கிடந்த பச்சையைப் பார்த்துவிட்டாள். அவன் மொபெட்டைக் கிளப்ப, பிள்ளை பின்னாலேயே ஓட, சுகிர்தா மகனை இடுப்பில் தூக்கிக்கொண்டு அடுத்த தெருவரைக்கும் ஓடிப் பிடித்திருக்கிறாள். "நூல் சேலைக்குப் பதிலா ஒரு நல்ல சேலை குடுங்க" என்று கேட்டானாம். வீட்டுக்கு ஓடி வந்து ஒன்றை எடுத்துக்கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறாள்.

"என்ன சேலை?"

"வளகாப்புக்கு எங்கம்மா எடுத்ததுங்க்கா. அதான் கைக்குக் கெடச்சுது."

அம்மணி, எனக்கு வந்த கோபத்தில் முக்கால்வாசி அதற்குத்தான். பட்டுக் கரை போட்ட வளைகாப்புச் சேலையை இந்தக் கந்தலுக்கா கொடுப்பாள் ஒருத்தி? "லூசாடி நீ? ஒரு வார்த்த கொறச்சுக் கேக்கத் தெரியாதா? என்னைய கூப்பிட்டிருந்தா ஒரு கிண்ணத்த விட்டெறிஞ்சு வாங்கியிருப்பனே!" என்று கத்தினேன்.

"பாப்பா அழுதுட்டு இருந்துச்சுங்க்கா. எனக்கு வேற எதுவும் தோணல."

"அப்ப எங்கிட்ட கொண்டாந்து குடுக்கறதுக்கு என்ன?"

மறுபடி ஓரத்தைத் தைக்க ஆரம்பித்தாள். நான் விடவில்லை. சொல்லு, சொல்லு என்று நின்றேன். அப்புறம் மெல்லச் சொன்னாள். "குடுக்கத்தான் வந்தேன். பாப்பாதான் வேண்டாம்னுச்சு. 'அம்மாகிட்ட குடுத்தா மறுபடி ஒரு குண்டா வாங்கிரும்'னு சொல்லுச்சுங்க்கா."

பொய். அவள் கட்டிச் சொன்னது என்றுதான் அன்றைக்கு நினைத்தேன். நாலு வயசுப் பிள்ளைக்கு அப்படிப் பேச வருமா?

வரும். என் மகள்தானே.

என் இடுப்பில் எப்போதும் ஒரு கத்தி இருக்கும், சாக்குச் சணல் அறுக்கிறது. எடுத்தேன். பதறாதீங்க, விரிப்பில்தான். பச்சையைச் சுற்றித் தையலோடு தையலாக அறுத்தேன். அவள் தடுக்கவில்லை. தடுத்திருந்தால் நாலு வார்த்தை திட்டியிருப்பேன், மனசு ஆறியிருக்கும். "அக்கா, பாத்து, பாப்பா கை இருக்கு" என்று மட்டும் சொன்னாள்.

நிவிதா விழித்துவிட்டாள். என்னைப் பார்த்தாள். கத்தியைப் பார்த்தாள். என் கையில் இருந்த பச்சையைப் பார்த்தாள். அழவில்லை. தவழ்ந்து போய் அந்த ஓட்டையின் மேல் உட்கார்ந்துகொண்டாள்.

வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சுடுதண்ணீரில் சோப்புப் போட்டு அலசி, காயவைத்து, அவள் தலையணை மேல் வைத்தேன். எடுத்து மோந்து பார்த்தாள். "இது பச்சை இல்ல" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

அதற்குப் பிறகு மாடிக்குப் போகக்கூடாது என்று சொல்லிவிட்டேன். தெருவில் நாலு பேரிடம் நாலு விதமாகச் சொன்னேன்தான், இல்லையென்று சொல்லமாட்டேன். கோபத்தில் சொன்னது. பங்குனியில் அவள் புருஷனுக்கு ஓசூர் மாற்றல் வந்தது. மாற்றல்தான் காரணம். கீழே போகும்போது தெருவில் யாராவது வேறு மாதிரி சொன்னால் நம்பாதீங்க. வண்டியில் சாமான் ஏற்றிவிட்டு என் கையில் சாவியைக் கொடுத்தாள். "விரிப்ப அந்தப் பெட்டி அலமாரில பாப்பாவுக்கு வெச்சிருக்கேங்க்கா. நடுவுல மட்டும் தெச்சுக்கங்க" என்றாள். கரண்ட் பில் கட்டியாகிவிட்டதா என்று கேட்டேன். வேறு என்ன கேட்பது என்று தெரியவில்லை.

அலமாரியையும் விட்டுவிட்டுப் போய்விட்டாள். என் பெட்டியாம், அதனால்.

அவள் போன மறுநாள் மத்தியானம் நிவிதாவைக் காணோம். தெருத் தெருவாகத் தேடினேன். முருங்கை மரம் வரை போய்ப் பார்த்தேன். சாவி மாட்டுகிற ஆணியில் சாவி இல்லை. அதைப் பார்த்த பிறகுதான் மூச்சு வந்தது. முக்காலி போட்டு ஏறி எடுத்திருக்கிறாள்.

ஆமாம் அம்மணி. அதனால்தான் மெதுவாகப் பேசச் சொன்னேன். உள்ளே தூங்குகிறாள். பள்ளிக்கூட லீவு விட்டதிலிருந்து தினமும் இங்கேதான். வாங்க, கதவைச் சத்தமில்லாமல் தள்ளுகிறேன். பாருங்க. அந்த விரிப்புதான். நடுவில் ஓட்டை தெரிகிறதா? அந்த ஓட்டைக்குள்தான் கையை வைத்துக்கொள்வாள். வெறும் சிமெண்டுத் தரை. எழுந்திருக்கும்போது உள்ளங்கை சில்லென்று இருக்கும்.

முதலில் வந்த மூன்று பேரிடம் பல்லி, பாம்பு என்று சொன்னது நான்தான். பாம்பு இல்லை. தண்ணீரும் தினமும் நன்றாகத்தான் ஏறும். ஜன்னலில் ஒரு கொக்கி மாட்டினால் மூடும். வேறு யாராவது குடிவந்தால் இந்தப் பிள்ளை எங்கே போய்த் தூங்கும், சொல்லுங்க? என்னிடம் வரமாட்டேன் என்கிறாள்.

நான் தைத்துப் பார்க்காமல் இல்லை. மூட்டை தைக்கிறவள்தானே, பத்துத் தையலில் ஒரு சாக்கு வாயை மூடுவேன். கோணி ஊசியை எடுத்துக்கொண்டு மேலே வந்தேன். எனக்கு வேறு ஊசி பழக்கமில்லை. இதோ பாருங்க ஓரத்தை, எப்படிப் பிய்ந்திருக்கிறது. குத்துகிற இடமெல்லாம் பொத்தல். நைந்த நூல் அம்மணி, இழுத்தால் வருகிறது. ஓட்டை இரண்டு விரல் பெரிசாகிவிட்டது, அவ்வளவுதான் நடந்தது.

பச்சை எங்கேயா? இதோ, இடுப்பில்தான். அந்த வாரமே சோப்பு வாசம் போய்விட்டது. சந்தைக்குப் போகும்போதும் இங்கேயே செருகிக்கொண்டு போகிறேன். இப்போது வியர்வையும் தக்காளியும்தான் மணக்கும், தொட்டில் கட்டின காலத்தில் நான் எப்படி மணந்தேனோ அப்படி.

உங்களுக்கு வீடு வேண்டும், தெரிகிறது. கண் சுவரை விட்டு வரவில்லை. வீட்டு ஓனரிடம் நான் பேசுகிறேன், நான் பேசினால் வாடகையில் இறங்குவார். நாலு நாள் கழித்துச் சாமானை இறக்குங்க. அந்த நாலு நாளும் மத்தியானத்தில் இந்தப் பிள்ளை தூங்குகிற நேரம் வந்து எனக்கு இதைச் சொல்லிக்கொடுங்க. இந்த மாதிரி மெல்லிசுத் துணியைப் பிய்யாமல் எப்படிப் பிடிப்பது, எந்த ஊசி, எத்தனை இழை என்று. அதற்கு என்ன கேட்கிறீங்களோ கேளுங்க. அலமாரியா, எடுத்துக்கங்க. குண்டாவா, மூடியோடு எடுத்துக்கங்க. நான் குறைத்துக் கேட்கமாட்டேன்.

ஊசி பையிலேயே இருக்கிறதா? சரியான ஆள்தான் நீங்க. உட்காருங்க, இங்கே, அவள் கால்மாட்டில். குழந்தையை இப்படிக் கொடுங்க, நான் மடியில் வைத்துக்கொள்கிறேன்.

இல்லை இல்லை, நில்லுங்க. குழந்தையை நீங்களே வைத்துக்கங்க. ஊசியை என்னிடம் கொடுங்க. நீங்கள் ஒரு தையல்கூடப் போடக்கூடாது, சொல்லிவிட்டேன். வாயால் சொன்னால் போதும்.

எங்கே குத்தணும்?